வெள்ளவத்தையிலிருந்து காலி வரை: தனியே ஒரு நாட் பயணம்

எமது பெண்களின் பயணங்களுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். கலியாண வீடு, செத்த வீடு, நல்லூர்த் திருவிழா, மடுமாதா பெருவிழா, பிள்ளையின் பரீட்சை, வைத்தியசாலை, வெளிநாட்டிலிருந்து வருகிறவரைக் கூட்டிவரக் கட்டுநாயக்கா. காரணம் இருக்கும் பயணத்தில் கூடவே ஓர் ஆளும் இருப்பார். அப்பா, அண்ணன், கணவர், இவர்களில் ஒருவரும் இல்லாவிட்டால் பத்து வயது மகனாவது துணைக்கு வருவான். எந்தக் காரணமும் இல்லாமல், ஒருவரும் கூட வராமல், ஒரு ஊரைப் பார்ப்பதற்காக மட்டும் ஒரு பெண் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்புவது எங்கள் வீடுகளில் அபூர்வம்.

அப்படியொரு பயணத்தை எப்படித் திட்டமிடலாம் என்பதையே இங்கு எழுதுகிறேன். நான் போய் வந்தது காலிக்கு. கொழும்பில் இருக்கும் ஒரு பெண் முதன்முதலில் தனியே செய்து பார்க்கக்கூடிய புகையிரதப் பயணங்களில் இதுவே மிகவும் வசதியானது என்பது எனது கருத்து. பெரிய செலவு இல்லை, இரவு தங்க வேண்டியதில்லை, பாதை முழுவதும் கடல். காலியில் பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

ஏன் காலி?

வெள்ளவத்தையில் குடியிருப்பவர்களுக்குக் கோச்சிச் சத்தம் புதிதல்ல. கடற்கரையை ஒட்டி ஓடும் பாதை எங்கள் ஒழுங்கைகளின் முடிவில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் மனதில் கோச்சி என்றால் அது வடக்கு நோக்கியே ஓடும். யாழ்தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது. 1990 இல் யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை நின்றுபோனது. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி மீண்டும் புகையிரதம் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தபோது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனையோ பேர் கண்கலங்கினார்கள். அந்தப் பாதை எங்களுக்கு ஊருக்குப் போகும் பாதை.

வீட்டு வாசலிலிருந்து தெற்கே போகும் பாதையை நாங்கள் அவ்வளவாகப் பயன்படுத்தியதில்லை. அதற்கும் காரணங்கள் உண்டு. 1983 ஜூலையை அனுபவித்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கிறார்கள். 1996 ஜூலை 24 ஆம் திகதி தெஹிவளையில் புகையிரதத்தில் குண்டு வெடித்து 60 இற்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பின்னர் புகையிரதப் பெட்டிக்குள் தமிழில் வாய்திறந்து கதைக்கவே பயந்த வருடங்கள் இருந்தன. அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, பிறந்த இடம் எது என்ற கேள்விக்கு விடையைத் தயாராக வைத்துக்கொண்டு பிரயாணம் செய்த காலம் அது. யுத்தம் 2009 இல் முடிந்தது. ஆனால் பழக்கம் சட்டென்று முடிவதில்லை. தெற்கே எங்களுக்கு என்ன வேலை என்ற எண்ணம் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது.

அந்த எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துப் பார்க்கவே காலியைத் தெரிவு செய்தேன். அங்கே எங்களுக்கு என்ன இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் திரும்பும் நேரம்

பயணத்தைத் திட்டமிடும்போது அநேகமானோர் புறப்படும் நேரத்திலிருந்து தொடங்குவார்கள். தனியே போகும் பெண் திரும்பும் நேரத்திலிருந்து தொடங்குவது நல்லது. கொழும்பில் வருடம் முழுவதும் ஆறு, ஆறரை மணியளவில் இருட்டிவிடும். பொழுது படும் முன்னர் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமானால் கொழும்புக்கு ஐந்தரை மணிக்கு முன் வந்துசேர வேண்டும். கோட்டையிலிருந்து காலி ஏறத்தாழ 115 கிலோமீற்றர். கடுகதிப் புகையிரதத்துக்கு இரண்டரை மணித்தியாலம் வரை செல்லும். எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி மூன்று மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே பிற்பகல் இரண்டரை மணியளவில் காலியிலிருந்து புறப்படும் வண்டி எது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த வண்டி எது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டும் உறுதியானால் காலியில் எத்தனை மணித்தியாலம் இருக்கலாம், காலையில் எத்தனை மணி வண்டியைப் பிடிக்க வேண்டும் என்பன தாமாகவே தெரிந்துவிடும்.

நேர அட்டவணை அவ்வப்போது மாறுகிறது. பாதை திருத்த வேலைகளும் மழையும் வேலைநிறுத்தங்களும் அதைக் குழப்பிவிடும். பழைய அட்டவணையை நம்பாமல் புறப்படுவதற்கு முதல்நாள் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். தமிழிலும் கேட்கலாம்.

வண்டி தவறினால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் வீட்டிலிருக்கும்போதே விடை தேடிவிட வேண்டும். காலியில் பஸ் நிலையம் புகையிரத நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. காலி வீதியால் கொழும்புக்கு வரும் இரண்டாம் இலக்க பஸ் வெள்ளவத்தையைத் தாண்டியே போகும். 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேகப் பாதையால் வரும் பஸ்களும் உண்டு. அவை மாகும்புர, மகரகம பக்கம் வந்துசேரும். அங்கிருந்து வீட்டுக்கு வர இன்னொரு பஸ்ஸோ முச்சக்கர வண்டியோ தேவைப்படும் என்பதையும் நேரக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த நாள், எந்த மாதம்

போயா தினங்களையும் நீண்ட விடுமுறைகளையும் தவிர்த்துவிடுங்கள். நிற்கவும் இடமிருக்காது. வார நாட்களே நல்லவை. காலையில் அலுவலகக் கூட்டம் முழுவதும் கொழும்பை நோக்கி வரும். நாம் கொழும்பிலிருந்து வெளியே போகிறோம். பிற்பகலில் கூட்டம் கொழும்பிலிருந்து வெளியேறும். நாம் உள்ளே வருகிறோம். எதிர்த்திசையில் போகிறவருக்கு நெரிசல் குறைவு. நெரிசல் குறைந்தால் பெண்களுக்கு வரும் தொல்லையும் குறையும். இதைத் திட்டமிடும்போது கவனித்தால் அரைவாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தென்மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாகவும் வானம் தெளிவாகவும் இருக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். அந்த மாதங்களில் போவதென்றால் கோட்டை மதிலில் நடப்பதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

எங்கே ஏறுவது

வெள்ளவத்தை நிலையத்திலேயே ஏறலாம். ஆனால் கடுகதி வண்டிகள் எல்லாம் அங்கு நிற்பதில்லை. நிற்கும் வண்டியிலும் ஆசனம் கிடைப்பது நிச்சயமில்லை. நான் செய்தது வேறு. அதிகாலையில் எதிர்த்திசையில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து காலி வண்டியில் ஏறினேன். அரை மணித்தியாலம் கூடச் செலவானது. ஆனால் யன்னலோர ஆசனம் கிடைத்தது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் எனது சிநேகிதி இன்னும் ஒருபடி மேலே போய் மருதானையில் ஏறுவாள். தெற்கே போகும் வண்டிகள் பல மருதானையிலிருந்தே புறப்படுகின்றன. கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது பக்கமும்கூட.

முன்கூட்டியே ஆசனம் ஒதுக்காத வண்டியென்றால் அன்றைக்கே நிலையத்தில் டிக்கட் வாங்கினால் போதும். கோட்டையில் எந்தத் திசைக்கு எந்த யன்னல் என்று மேலே எழுதியிருக்கும். கரையோரப் பாதைக்குரிய யன்னலில் நின்று இரண்டாம் வகுப்பு கேளுங்கள். மூன்றாம் வகுப்பைவிடச் சற்றுக் கூட என்றாலும் தனியே போகும் முதற் பயணத்துக்கு அந்த மேலதிகப் பணம் வீணல்ல. டிக்கட்டைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். காலியில் வெளியே வரும்போது வாசலில் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

போகும்போது வலது பக்க யன்னல், வரும்போது இடது பக்க யன்னல். கடல் அந்தப் பக்கத்தில்தான்.

பையில் என்ன

ஒரு தோள்பை மட்டும் போதும். இரண்டு கையும் ஓய்வாக இருக்க வேண்டும். அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல், குடை, கைக்குட்டை, வழக்கமாக எடுக்கும் மருந்து, மாதவிடாய்த் துணி அல்லது நப்கின், வீட்டில் செய்த இரண்டு இடியப்பப் பொட்டலமோ சான்ட்விச்சோ. பணத்தை இரண்டாகப் பிரித்துத் திரும்பி வருவதற்கான தொகையைத் தனியே ஓர் உள்பையில் வையுங்கள். அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. கைத்தொலைபேசியில் மின் நிரம்பியிருக்க வேண்டும். அது நின்றுபோனால் உதவுவதற்கு மூன்று தொலைபேசி இலக்கங்களைத் தாளிலும் எழுதி வையுங்கள். பயணநேரங்களின் பிரதியொன்றை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இது அனுமதி கேட்பதல்ல, தகவல் கொடுப்பது.

சப்பாத்தோ செருப்போ, பழகியதாக இருக்கட்டும். கோட்டை மதிலின் மேல் நடப்பதற்குப் புதுச் செருப்பு உதவாது.

வீட்டில் என்ன சொல்வது

திட்டமிடலில் கடினமான பகுதி இதுதான். "தனியவோ போறாய்? அங்க ஆர் இருக்கினம்?" என்று அம்மா கேட்டா. "ஒருத்தரும் இல்லை அம்மா, பாக்கத்தான் போறன்" என்றேன். "பாக்கிறதுக்கு என்ன இருக்கு? ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது?" என்பது அவவின் அடுத்த கேள்வி.

கவனித்தால் அம்மாவின் பயம் இரண்டு வகையானது. எனக்கு ஏதாவது நடந்துவிடுமோ என்பது ஒன்று. அயலவர் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்பது மற்றது. முதலாவதற்கு விடை உண்டு. எத்தனை மணிக்கு வண்டி, எத்தனை மணிக்குத் திரும்புவேன், எந்த இடங்களிலிருந்து தொலைபேசி எடுப்பேன், வண்டி தவறினால் எப்படி வருவேன் என்று தாளில் எழுதி அம்மாவின் கையில் கொடுத்தேன். அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தா. பிறகு, "அப்ப இடியப்பத்தைக் கட்டிக்கொண்டு போ பிள்ளை, கடைச் சாப்பாடு ஒத்துவராது" என்றா. இரண்டாவது பயத்துக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. அதற்கு விடை சொல்ல வேண்டியது நானல்ல என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஒழுங்கான திட்டத்தின் பயன் பயணத்துக்கு மட்டுமல்ல. "வேண்டாம்" என்று சொல்பவரிடம் கோபிக்காமல், அழாமல், விவரத்தோடு பேச அது உதவுகிறது.

தொல்லைகளைப் பற்றி வெளிப்படையாக

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2017 இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலங்கையில் பஸ்களிலும் புகையிரதங்களிலும் செல்லும் பெண்களில் 90 சதவீதமானோர் ஒரு தடவையாவது பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருக்கிறார்கள். பொலிஸாரிடம் முறையிட்டவர்களோ 4 சதவீதம் மட்டுமே. இதைப் படித்துவிட்டு வீட்டில் இருப்போம் என்று முடிவெடுக்கலாகாது. வேலைக்கும் படிப்புக்கும் தினமும் நெரிசலில் போய்வரும் எங்கள் பிள்ளைகள் இதைச் சகித்துக்கொண்டே போகிறார்கள். ஆகவே இது தனிப் பயணத்தின் ஆபத்து அல்ல, எல்லாப் பயணங்களிலும் உள்ளது.

சட்டம் எமது பக்கம் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு 1995 இல் திருத்தப்பட்ட பின்னர், வார்த்தையாலோ செய்கையாலோ செய்யப்படும் பாலியல் தொல்லைக்கு 5 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பொலிஸ் அவசர அழைப்பு 119, பெண்களுக்கான உதவி அழைப்பு 1938, அம்புலன்ஸ் 1990. இந்த மூன்று இலக்கங்களையும் கைத்தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

பெட்டிக்குள் ஏறியதும் வேறு பெண்கள் இருக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். யன்னலோரத்தில் இருந்தால் ஒரு பக்கம் பாதுகாப்பு. பையை மடியில் வையுங்கள். வாசற்படியில் நிற்காதீர்கள். யாராவது அத்துமீறினால் மெல்லச் சொல்ல வேண்டாம், பெட்டி முழுவதும் கேட்கச் சொல்லுங்கள். "அத அயின் கரன்ன" என்றால் கையை எடு என்று அர்த்தம். "பொட்டக் எஹாட்ட வென்ன" என்றால் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சிங்களம் சரளமாக வராதவர்கள் இந்த இரண்டையும், "மே கோச்சிய கால்லட்ட யனவாத?" என்ற கேள்வியையும் வீட்டில் சொல்லிப் பழகினால் போதும். கடைசியாகச் சொன்னது, இந்தக் கோச்சி காலிக்குப் போகுமா என்பது. உச்சரிப்புச் சற்றுப் பிழைத்தாலும் பரவாயில்லை. நான் கேட்டபோது கோட்டை மேடையில் நின்ற ஒரு நடுத்தர வயது மாது என் கையைப் பிடித்துச் சரியான பெட்டிக்கே கூட்டிச் சென்றார். எங்களைப் போலவே அவரும் ஒரு பையும் குடையும் தண்ணீர்ப் போத்தலுமாகத்தான் இருந்தார்.

பாதையில்

கரையோரப் பாதை 1870 களில் தொடங்கிப் படிப்படியாகத் தெற்கே நீண்டு, 1894 இல் காலியையும் 1895 இல் மாத்தறையையும் அடைந்தது. 2019 இல் அது பெலியத்தை வரை நீண்டது. கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போதே கடல் யன்னலுக்கு அருகில் வந்துவிடும். எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடுவதைப் பெட்டிக்குள்ளிருந்து பார்ப்பது வேடிக்கையாக இருக்கும்.

பாணந்துறை தாண்டியதும் தென்னந்தோப்புகள். வாத்துவ, களுத்துறைப் பக்கத்தில் மேலே பார்த்தால் மரத்துக்கு மரம் கயிறு கட்டியிருப்பது தெரியும். கள்ளிறக்குபவர்கள் கீழே இறங்காமல் அந்தக் கயிற்றில் நடந்தே அடுத்த மரத்துக்குப் போவார்கள். களுத்துறையில் களு கங்கைப் பாலத்தைக் கடக்கும்போது வெள்ளைத் தாதுகோபுரம் தெரியும். பேருவளை, அளுத்கம பக்கத்தில் பெட்டிக்குள் தமிழ் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். அங்குள்ள முஸ்லிம் மக்கள் வீட்டில் பேசுவது தமிழ். "வடே, வடே" என்று கூவிக்கொண்டு வருபவரிடம் இறால் வடை வாங்கலாம். சுடச்சுட இருந்தால் மட்டும்.

அம்பலாங்கொடையைத் தாண்டிய பின்னர் தெல்வத்தை, பெரலிய என்ற இடங்கள் வரும். 2004 டிசம்பர் 26, போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. கோட்டையிலிருந்து காலையில் மாத்தறைக்குப் புறப்பட்ட புகையிரதம் பெரலியவில் சுனாமியில் அகப்பட்டது. முதல் அலையில் வண்டி நின்றது. பாதுகாப்பாக இருக்கும் என்று நம்பிக் கிராமத்தவர்களும் பெட்டிகளுக்குள் ஏறினார்கள். அடுத்த அலை பெட்டிகளைப் புரட்டிப்போட்டது. ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். புகையிரத வரலாற்றில் அவ்வளவு உயிரிழப்பு நேர்ந்த வேறொரு சம்பவம் இல்லை என்கிறார்கள். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதே காலையில் எங்கள் மக்களும் அள்ளுண்டு போனார்கள். பெரலியவைக் கடக்கும் அந்தச் சில நிமிடங்கள் அமைதியாக இருந்தேன். எனக்கு எதிரே இருந்த முதிய பெண்மணி கைகூப்பினார். அவருக்கு யார் போனார்களோ, நான் கேட்கவில்லை.

காலியில்

காலி நிலையத்தில் தண்டவாளம் முட்டி நிற்கும். மாத்தறைக்குப் போகும் வண்டிகள் இங்கிருந்து திசைமாறிப் பின்பக்கமாகவே புறப்படும். வெளியே வந்ததும் முச்சக்கர வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "வேண்டாம்" என்று தலையசைத்துவிட்டு நேரே நடவுங்கள். கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டினால் கோட்டை வாசல். பத்து நிமிட நடைதான்.

1588 இல் போர்த்துக்கேயர் இங்கு அரண் கட்டினார்கள். 1640 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெரிதாக்கினார்கள். 1796 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1988 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நுழைவாயில் ஆங்கிலேயர் 1873 இல் திறந்தது. ஒல்லாந்தரின் பழைய வாசலில் 1669 என்ற வருடம் பொறித்த சின்னத்தைக் காணலாம். மணிக்கூட்டுக் கோபுரத்தருகே மதிலில் ஏறிக் கடலை வலப்புறமாக வைத்து நடந்தால் கொடிப்பாறை, பின்னர் 1939 இல் கட்டிய வெளிச்சவீடு, அதற்கெதிரே தேவாலயம் போலத் தோற்றமளிக்கும் மீரான் பள்ளிவாசல். ஆறுதலாக நடந்தாலும் ஒன்றரை மணித்தியாலம் போதும். வெயிலுக்குக் குடை அவசியம். நகை, கல் வாங்கச் சொல்லி மதிலில் பின்தொடர்பவர்களுக்குப் பதில் சொல்லாமல் நடப்பதே நல்லது. 1755 இல் கட்டிய ஒல்லாந்தர் தேவாலயத்துக்குள் தரையெல்லாம் கல்லறைக் கற்கள். குழந்தை பெற்று இறந்த இளம் தாய்மாரும் கடல் கடந்து வந்த நூற்றாண்டுகள் அவை என்பதை நினைத்துக்கொண்டேன்.

இனி, எங்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்ற கேள்வி. 1911 இல் காலி நகரில் ஒரு மதகை மூடியிருந்த கல்லைப் புரட்டிப் பார்த்தபோது அதில் எழுத்துகள் இருந்தன. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு அது. 1409 ஆம் ஆண்டு திகதியிட்டது. மூன்று மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும், தமிழில் தெய்வேந்திரமுனையிலிருந்த தென்னாவரை நாயனாருக்கும் பொன், வெள்ளி, பட்டு முதலியவை காணிக்கையாக அளிக்கப்பட்ட செய்தி. அறுநூறு வருடங்களுக்கு முன்னர் தென்கரைத் துறைமுகத்துக்கு வந்த சீனர்கள், அங்கே வாசிக்கப்படும் மொழிகளில் ஒன்று தமிழ் என்று அறிந்தே இதை எழுதினார்கள். தெற்கே எங்களுக்கு என்ன வேலை என்று இனி ஒருவரும் கேட்கத் தேவையில்லை.

அந்தக் கல் இப்போது காலியில் இல்லை, கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. ஆகவே திட்டத்தில் இதையும் சேருங்கள். பயணத்துக்கு முந்திய வாரம் ஒரு நாள் நூதனசாலைக்குப் போய் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுப் பிறகு காலிக்குப் போங்கள். பார்க்கும் கண் வேறாகிவிடும். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லலாம்.

தனியே ஒரு மேசையில்

பெண் ஒருத்தி கடையில் தனியே உட்கார்ந்து சாப்பிடுவது பலருக்கும் கூச்சமாக இருக்கும். புகையிரதத்தில் ஏறுவதைவிட எனக்கு இது கடினமாக இருந்தது. கோட்டைக்குள் உல்லாசப் பயணிகளுக்கான கடைகளில் விலை அதிகம். பஸ் நிலையத்துக்கு அருகே சாதாரணச் சோற்றுக்கடைகள் உண்டு. குடும்பங்கள் இருக்கும் கடையாகப் பார்த்து, சுவரோர மேசையில் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். சோறும் மீன்குழம்பும் மல்லுமும் வந்தன. முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன், ஒருவரும் பார்க்கவில்லை. ஆறுதலாகச் சாப்பிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஆறிய சோற்றை நின்றுகொண்டே சாப்பிடும் எங்களுக்கு, இன்னொருவர் பரிமாற உட்கார்ந்து சாப்பிடுவதும் ஒரு சின்ன விடுமுறைதான். கழிப்பறையை அந்தக் கடையிலேயே கேட்டுப் பயன்படுத்திவிட்டுப் புறப்படுவது நல்லது.

நிலையத்துக்கு வண்டி நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னரே வந்துவிடுங்கள். கொழும்புக்கு என்று எழுதியிருக்கும் மேடையை ஊழியரிடம் கேட்டு உறுதிசெய்து, மாத்தறையிலிருந்து வரும் வண்டியில் இறங்குபவர்கள் இறங்கியதும் இடது பக்க யன்னலைப் பிடியுங்கள். வெயில் சற்று அடிக்கும். ஆனால் பிற்பகற் கடலின் மினுக்கம் அந்தப் பக்கத்தில்தான்.

போய் வந்த பிறகு

இந்தப் பயணத்தில் பெரிய அதிசயம் எதுவும் நடக்கவில்லை. அதுதான் நான் சொல்ல வந்ததும். வண்டி பிடித்தேன், மதிலில் நடந்தேன், சோறு சாப்பிட்டேன், இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்தேன். அடுத்த முறை நான் போகப்போவதாகச் சொன்னபோது அம்மா "எத்தின மணிக் கோச்சி?" என்று மட்டும் கேட்டா.

எல்லோரும் காலிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்பு, வெள்ளவத்தையிலிருந்து களுத்துறை என்று ஒரு மணித்தியாலப் பயணமாகவே தொடங்கலாம். பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியைகள், கணவரை இழந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டவர்கள், வேலைக்குப் புதிதாகப் போகும் இளம்பெண்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். ஒரு தாளை எடுங்கள். மேலே திரும்பும் நேரத்தை எழுதுங்கள். அதன் கீழே வண்டி, மாற்று வழி, செலவு, தொலைபேசி இலக்கங்கள். எழுதி முடிக்கும்போது பயத்தில் அரைவாசி அந்தத் தாளிலேயே இறங்கிவிடும். மீதி அரைவாசி கோட்டை நிலையத்தில் டிக்கட்டைக் கையில் வாங்கும்போது போய்விடும்.